எட்டுக்குப் பதினைந்து

பாசமுள்ள மகள் நிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் அந்தக் குளிரில் மூக்கு ஒழுகாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்கு இந்தத் தாள் என்று நீ நினைப்பாய். வீடியோவில் பேசினால் நீ என் முகத்தை உற்று உற்றுப் பார்க்கிறாயே தவிர நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. வாய்ஸ் அனுப்பினால் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பதாக நீயே ஒருநாள் சொல்லிச் சிரித்தாய். தாளை அப்படி ஓட்ட முடியாது, உட்கார்ந்துதான் படித்தாக வேண்டும். வாலாஜாபாத் மளிகைக்கடைக்காரர் மகன் மணிகண்டபிரபு வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்குக் கிளம்புகிறான், அவன் போகிற இடம் உன் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தானாம். அவன் பெட்டியில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, முறுக்கு எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் செருகி அனுப்புகிறேன். தாளில் எண்ணெய் பட்டிருந்தால் முறுக்கைத் திட்டு, என்னைத் திட்டாதே.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கிறேன் என்று நீ மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் ஒன்று இருக்கிறதாம், அதைப் போடாமல் மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, கை தப்புகிறது, நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். அவர் வாய் சும்மா இருக்குமா, இரண்டு நாள் பொறுத்துவிட்டு என்னிடம் கொட்டிவிட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, போன ஞாயிற்றுக்கிழமை நீ எதற்காக என்னை ஒரு தாள் எடுத்து வட்டம் போட்டு மணி எல்லாம் குறித்து பதினொன்று பத்துக்கு முள் வை என்று சொன்னாய் என்று. விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று நினைத்து நானும் போட்டேனடி! நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பெற்ற பிள்ளை பெயரே மறந்துபோன பெரியவர்களுக்குக் கொடுக்கிற பரீட்சையாம் அது. எனக்கு நாற்பத்தேழு வயசு. கேட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அப்புறம் நீ எவ்வளவு பயந்திருந்தால் அப்படிக் கேட்டிருப்பாய் என்று நினைத்ததும் கோபம் போய் அழுகை வந்தது. அதனால்தான் நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அந்தத் தாளைக் கையில் எடு.

இது எல்லாம் கம்பெனிப் பொங்கலில் ஆரம்பித்தது. வருஷா வருஷம் எங்கள் கம்பெனியில் லீவு விடுவதற்கு முன்னால் பானை வைத்து, கயிறு இழுத்து, கோலப் போட்டி வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். இந்த வருஷம் ஆபீஸிலிருந்து ஒரு புது விதி போட்டார்கள். புள்ளி வைத்துப் போடுகிற சிக்குக் கோலமாக இருக்க வேண்டும், அதுவும் ஒரே இழையாக இருக்க வேண்டும். நடுவில் கை வலித்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் விட்ட இடத்திலிருந்துதான் தொடர வேண்டும், புதுசாக ஒரு கோடு ஆரம்பித்தால் அவுட். எங்கள் செக்ஷனுக்கு அன்னக்கிளிதான் கேப்டன், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வருகிறாளே, எடுத்தெறிந்து பேசினாலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள், அவளேதான். புள்ளி வைப்பது அவளும் எங்கள் லைனில் கூட வேலை செய்கிற ஷெர்லினும், இழை இழுப்பது நான். என் கைதான் ஒரே சீராகப் போகும் என்று அவளே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். எங்களுக்கு ஒதுக்கிய இடமோ கேன்டீன் சுவருக்கும் பூத்தொட்டி வரிசைக்கும் நடுவில் நீளவாட்டில் இருக்கிறது. வழக்கமாகப் போடுகிற டைமண்ட் மாதிரிக் கோலம் போட்டால் இரண்டு பக்கமும் வெறுந்தரை தெரியும். அன்னக்கிளி பார்த்தாள், இடம் பூராவும் ரொப்பிடணும் என்று அகலத்தில் ஒன்பது, நீளத்தில் பதினைந்து என்று செவ்வகமாகப் புள்ளி வைத்துவிட்டாள். அப்படி யாரும் போட்டதில்லை, நம் வீட்டு வாசலில் நானும் போட்டதில்லை.

மத்தியான சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் பின்னாடி சாக்பீஸால் பழகினோம். மூலையில் ஆரம்பித்தேன், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே சாய்வாகப் போய், ஓரத்தில் வளைந்து, திரும்பிச் சாய்வாகப் போய், இப்படியே. நன்றாகத்தான் போனது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கோடு எடுத்த இடத்துக்கே வந்து முட்டிவிட்டது. நிமிர்ந்து பார்க்கிறேன், முக்கால்வாசிக் கோலம் போட்டபாடில்லை. எங்கேயோ வளைவில் தப்பிவிட்டது என்று அழித்தோம். மறுபடியும் போட்டேன், மறுபடியும் அதே கதை. வேறு மூலையில் ஆரம்பித்தேன், நடுவிலிருந்து ஆரம்பித்தேன், எங்கே ஆரம்பித்தாலும் பாதி கூட ஆகாமல் கோடு வீடு திரும்பிவிடுகிறது. எரிச்சலில் அன்னக்கிளியே சாக்பீஸைப் பிடுங்கி மிச்ச இடத்தில் இன்னொரு கோடு போட்டாள், அதுவும் பத்தவில்லை, மூன்றாவதாக ஒன்று போட்டதும்தான் எல்லாப் புள்ளியும் அடைபட்டது. மூணு இழை வந்தா மூணு தபா அவுட்டு, போக்கா, என்றாள். அவளையே முதலிலிருந்து போடச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. கோலம் கூடவில்லை என்றால் போட்ட கையில்தான் கோளாறு, கைக்குப் பின்னால் மனசில் கோளாறு, நம் பக்கத்தில் அப்படித்தானே பேசுவார்கள். நாலாம் நாள் அவள் எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டாள். மீனாக்கா, உன் கை இங்க கீது, மனசு ஜெர்மனில கீது, பொண்ணு போனதுலேர்ந்து நீ நீயா இல்ல, என்றாள். ஷெர்லின்கூட ஆமாம் என்று தலையாட்டினாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது, உன்னை நினைக்காமல் நான் ஒருநாளும் சாக்பீஸ் பிடித்ததில்லையே.

அதோடு விட்டாளா, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு ஒரகடம் கூட்டு ரோட்டில் அப்பாவின் ஷேர் ஆட்டோவில் ஏறியிருக்கிறாள். சிங்கப்பெருமாள் கோவில் போகிற வரைக்கும் ஒரே புலம்பலாம். அண்ணா, அக்காவ ஒரு தபா டாக்டராண்ட இட்னு போ, கை ஒரு மாதிரி நடுங்குது, கேட்டா பேசவே மாட்டேங்குது, என்று. உன் அப்பாவுக்கு அது போதாதா. வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னைக் கண்காணிக்க ஆரம்பித்துவிட்டார். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது என்று உன்னிடம் சொன்னாரே, விழுந்தது வாஸ்தவம்தான். ஒரு தடவை போட்டது நான், இன்னொரு தடவை நான் மறந்திருப்பேன் என்று நானில்லாத நேரத்தில் போட்டது அவர்! அதைச் சொன்னாரா உன்னிடம்? சாவியைத் தேடினேன் என்றும் சொல்லியிருப்பார், அது அவர் சட்டைப்பையிலேயே கிடந்தது. ஆனால் நிலா, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் பயம் வந்துவிட்டது. காருக்குள் ஓடுகிற வயரையெல்லாம் பலகையில் விரித்துக் கட்டுகிற வேலை என் வேலை, இத்தனை வருஷத்தில் நான் கலரைப் பார்த்து யோசித்ததே கிடையாது, கை தானாகப் போய் எடுக்கும். அந்த வாரம் ஊதாவை எடுத்துவிட்டு இது நீலமா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். லைன் தேங்கியது. சூப்பர்வைசர் இசக்கிபாண்டி நல்ல பையன், திருநெல்வேலிக்காரன், அவன் வந்து மெதுவாக, யக்கா, மேலுக்குச் சொகமில்லையா, ரெண்டு நாளு டேப் சுத்துத மேசையில இருங்களேன், பொறவு பாப்போம், என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். டேப் சுற்றுகிற மேஜை புதுசாகச் சேர்ந்தவர்கள் உட்காருகிற இடம். அங்கே உட்கார்ந்து டேப் சுற்றும்போது, நமக்கு உண்மையிலேயே ஏதோ ஆகிவிட்டதோ, இனி பத்தாவது பரீட்சை எல்லாம் எதற்கு, பேசாமல் விட்டுவிடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன்.

பத்தாவது பரீட்சை எழுதப் போகிறேன் என்று உனக்குச் சொல்லவில்லை, கோவித்துக்கொள்ளாதே. பாஸ் பண்ணிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். லைன் லீடராகப் போட பத்தாவது வேண்டுமாம், நான் ஒன்பதோடு நின்றவள். சர்ச் ஹாலில் ஞாயிறு பூசை முடிந்ததும் அமலா டீச்சர் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறாள், உன்னை விட இரண்டு வயசு சின்னவள், ஆனால் அதட்டல் உன்னை மாதிரியே. தமிழ், சமூக அறிவியல் எல்லாம் எனக்கு வந்துவிடும், கணக்குதான் தொண்டையில் மாட்டிய முள். பின்னம் வந்தாலே எங்களுக்கெல்லாம் கண்ணைக் கட்டுகிறது என்று டீச்சர் கண்டுபிடித்துவிட்டு, அடியிலிருந்து ஆரம்பிப்போம் என்று பகா எண்ணிலிருந்து எடுத்தாள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு மாதிரி இதற்கு மேல் உடைக்க முடியாத எண்கள். எந்த எண்ணையும் இவற்றின் பெருக்கலாக உடைத்துவிடலாம். பின்னத்தைச் சுருக்க வேண்டுமானால் மேலே இருப்பதையும் உடை, கீழே இருப்பதையும் உடை, இரண்டிலும் பொதுவாக இருப்பதை ஜோடி ஜோடியாக அடி, மிச்சம் நிற்பதுதான் சுருங்கிய வடிவம், அதற்கு மேல் அதைச் சுருக்கவே முடியாது. கேட்கச் சுலபம். முதல் நாள் அஞ்சின் கீழ் பதினைந்து கொடுத்தாள். பதினைந்தை மூன்று பெருக்கல் ஐந்து என்று உடைத்தேன், மேலே ஒரு ஐந்து, கீழே ஒரு ஐந்து, இரண்டையும் அடித்தேன், மேலே ஒன்றுமே இல்லை, சைபர் போட்டேன். டீச்சர் தப்பு என்றாள். எப்படித் தப்பு, ட்ரேயில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டால் ட்ரே காலிதானே என்று நான் சண்டைக்குப் போனேன். அவள் சிரித்துக்கொண்டே, அக்கா, பதினைஞ்சு இட்லி சுட்டு அஞ்ச நீங்க சாப்ட்டு ஒண்ணுமே சாப்டலன்னு சொல்வீங்களா, என்றாள். மூன்றில் ஒரு பங்கு சாப்பிட்டிருக்கிறேன். அடித்தால் காணாமல் போவதில்லை, ஐந்தை ஐந்தால் வகுத்தால் ஒன்று, அந்த ஒன்று நிற்கும் என்றாள். இட்லி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது, இதை அவள் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இனி போவதில்லை என்று முடிவு பண்ணிய அந்த ஞாயிற்றுக்கிழமையும், சொல்லிவிட்டாவது வருவோம் என்று போனேன். போனதும் பலகையில் சுருக்குக என்று கணக்குகள். சும்மா உட்காருவானேன் என்று போட ஆரம்பித்தேன், மூன்றாவது கணக்கு ஒன்பதின் கீழ் பதினைந்து. அந்த ஜோடியைப் பார்த்ததுமே நோட்டை மூடப் போனேன், அந்தப் பாழாய்ப்போன கோலம் கணக்கிலும் வந்து நிற்கிறதே என்று. ஒன்பது, மூன்று பெருக்கல் மூன்று. பதினைந்து, மூன்று பெருக்கல் ஐந்து. மேலே ஒரு மூன்று, கீழே ஒரு மூன்று, அடித்தேன். அடித்த மூன்றின் மேல் பேனா அப்படியே நின்றுவிட்டது. அன்னக்கிளி போட்டு முடித்த இழையும் மூன்று. சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே வீட்டுக்கு வந்தேன். மத்தியான வெயில், அப்பா சாப்பிட்டுப் படுத்திருந்தார், சமையலறைத் தரையைத் துடைத்துவிட்டு சாக்பீஸோடு உட்கார்ந்தேன். நாலுக்கு ஆறு புள்ளி வைத்தேன். நாலு என்பது இரண்டு பெருக்கல் இரண்டு, ஆறு என்பது இரண்டு பெருக்கல் மூன்று, பொதுவாக ஒரே ஒரு இரண்டு. போட்டேன், இரண்டு இழை! ஆறுக்கு ஒன்பது, பொதுவில் ஒரு மூன்று, மூன்று இழை. மூன்றுக்கு ஐந்து, பொதுவாக எதுவுமே இல்லை, அப்போது அந்த ஒன்றுதான் நிற்கும், ஒரே இழையில் எல்லாப் புள்ளியும் அடைபட்டது. ஆறுக்குப் பன்னிரண்டு போட்டபோது ஒரு நிமிஷம் குழம்பினேன், பொதுவாக இரண்டும் இருக்கிறது மூன்றும் இருக்கிறது, ஐந்து இழை வருமோ என்று. பெருக்க வேண்டுமாம், ஆறு இழை வந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். சமையலறையிலிருந்து கூடம் வரைக்கும் கோலம், நடுவில் நான் தலைவிரிகோலமாக உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டிருக்கிறேன். மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. இன்னாம்மா மீனா, வூடு பூரா கிறுக்கிக்கினு கீற, என்று அழுகிற குரலில் கேட்டுவிட்டு உனக்கு அடிக்கப் போனைத் தேடினார். நான் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு அவரையும் தரையில் உட்கார வைத்தேன். ஒரு எண்ணிக்கை நீ சொல்லு, எத்தனை இழை வரும் என்று போடும் முன்னாலேயே நான் சொல்கிறேன் என்றேன். அவர் யோசித்து நாலுக்கு ஒன்பது என்றார். நாலில் இரண்டும் இரண்டும், ஒன்பதில் மூன்றும் மூன்றும், ஒன்றுக்கொன்று ஒட்டே இல்லை, ஒரே இழை என்று சொல்லிவிட்டுப் போட்டேன். கோடு கடைசிப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு வந்து எடுத்த இடத்தில் சேர்ந்தது. அப்போ உனுக்கு ஒண்ணும் இல்லியா, என்றார். எனக்கு ஒன்றும் இல்லையடி நிலா. ஒன்பதுக்குப் பதினைந்தில் சாமியே வந்து போட்டாலும் மூன்று இழைதான் வரும். தப்பு என் கையில் இல்லை, உன்னை நினைத்ததிலும் இல்லை, புள்ளி வைத்ததில் இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன், அவரும் அழுதார், அவர் அழுததை நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே.

மறுநாள் அன்னக்கிளியிடம் போய் ஒரு வரிசையைக் குறைத்துவிடு, எட்டுக்குப் பதினைந்து வை என்றேன். எட்டு, இரண்டு இரண்டாக உடைகிறது, பதினைந்தில் மூன்றும் ஐந்தும்தான், பொதுவாக ஒன்றும் கிடையாது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஓரத்துல தரை தெரியும்க்கா, அத்தோட எட்டு ஜோடி நம்பரு, ஜோடி நம்பரு வச்சா கோலம் ரெண்டாதான் பிரியும், என்று எங்கிருந்தோ ஒரு சாஸ்திரத்தை எடுத்துவிட்டாள். எனக்கும் பொறுமை போய்விட்டது. அடியே, நீயே உன் கையால ஒன்பதுக்குப் பதினைந்து போடு, ஒரே இழையாக வந்தால் நான் நாளைக்கே டாக்டரிடம் போகிறேன், வராவிட்டால் டாக்டரிடம் நீ போ என்றேன். வீம்புக்குப் போட்டாள். அவள் கோடும் பாதியிலேயே வீடு திரும்பியது. ஷெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்னக்கிளி அந்தக் கோலத்தை முறைத்துவிட்டு, காலால் ஒரு வரிசையை அழித்தாள், அதுதான் அவள் மன்னிப்பு. அமலா டீச்சரிடமும் காட்டினேன், தரையிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து நாலைந்து போட்டுப் பார்த்துவிட்டுக் கைதட்டினாள். ஏன் டீச்சர் இப்படி வருகிறது என்று கேட்டேன், யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேன்க்கா, இப்ப விட்டா எனக்கும் தூக்கம் வராது, என்றாள். எனக்கு ஏன் என்று தெரியாது, வருகிறது என்று மட்டும் தெரியும். உனக்குத் தெரிந்தால் எழுது.

போட்டியன்று காலையில் காற்று வேறு, கோலமாவு பறக்கிறது. எட்டுக்குப் பதினைந்து வைத்தார்கள். நான் மூலையில் ஆரம்பித்தேன். சுற்றிலும் எங்கள் செக்ஷன் ஆட்கள், இசக்கிபாண்டி வேறு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். கணக்கு சரி என்று தெரிந்தும், நடுவில் ஒரு தடவை கோடு எடுத்த மூலைப் பக்கமாகவே வந்தபோது கையை நிறுத்திவிட்டுப் புள்ளியை இன்னொரு தடவை எண்ணினேன், இங்கேயும் முட்டிவிடுமோ என்று. முட்டவில்லை. பக்கத்துச் சந்து வழியாகத் தாண்டிப் போனது, மறுபடியும் அந்தக் கோடிக்குப் போய், அடைபடாமல் கிடந்த புள்ளிகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு, சுற்ற வேண்டியது ஒன்றுகூட பாக்கி இல்லை என்றான பிறகுதான் வந்து சேர்ந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன், விரல் நடுங்கவில்லை. அன்னக்கிளி விசில் அடித்தாள், ஹெச்.ஆர். மேடம் எல்லாம் நிற்கிறார்கள் என்ற கூச்சமே இல்லாமல். முதல் பரிசு எங்களுக்கு வரவில்லை, ஸ்டோர்ஸ் செக்ஷன்காரர்கள் ஒரே கோட்டில் மயிலை இழுத்து, உள்ளே கலர் கொட்டி நிரப்பியிருந்தார்கள், ஜட்ஜுக்கு மயிலைக் கண்டதும் மயக்கம் வந்துவிட்டது. மயிலாம் மயில், கோழிக்குத் தோகை வைத்த மாதிரி இருந்தது. எங்களுக்கு இரண்டாவது பரிசு, ஆளுக்கொரு ஹாட் பாக்ஸ், மூடி சரியாக உட்காரவில்லை. அன்னக்கிளி அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு அப்பா ஆட்டோவில் ஏறி, சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும், அண்ணா, அக்கா கை கிண்ணுனு கீது, நான் சொன்னத மறந்துரு, என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். அப்பா அவளிடம் சார்ஜ் வாங்கவில்லை.

பொங்கல் லீவு முடிந்து போன முதல் நாளே இசக்கிபாண்டி என்னைப் பலகைக்குக் கூப்பிட்டுவிட்டான். ஊதா எது நீலம் எது என்று கைக்கே தெரிகிறது, கண் எதற்கு. பரீட்சைக்குப் பணமும் கட்டியாகிவிட்டது, கணக்கு எனக்கு வந்துவிடும் என்று தோன்றுகிறது, வராவிட்டால் மறுபடி எழுதுவேன், அதற்கெல்லாம் நீ அழக்கூடாது. மற்றபடி இங்கே எல்லாம் சுகம். ரோடு போடுகிறேன் என்று நம் தெருமுனையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வீடெல்லாம் புழுதி. எதிர்வீட்டு மாடியில் ஒடிசாப் பையன்கள் வாடகைக்கு வந்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வாசனைக்கு என் வாசலில் வந்து நின்று சிரிக்கிறார்கள், அப்பா அவர்களிடம் இந்தி பேசுவதாக நினைத்துக்கொண்டு எதையோ பேசுகிறார், அவர்களும் தலையாட்டுகிறார்கள். பொடியில் ஈரக் கரண்டி போடாதே. ராத்திரி டூட்டி முடிந்து வந்தால் வெறும் வயிற்றோடு படுக்காதே. காலுக்குச் சாக்ஸ் போட்டுத் தூங்கு. உன் இல்லத்தில் பிள்ளை பெயர் மறந்த அந்தப் பெரியம்மா தினமும் உன்னைக் கண்டால் மட்டும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று சொன்னாயே, அவர்களுக்கு நான் நலம் விசாரித்ததாகச் சொல்.

கடைசியாக ஒன்று. நீ இல்லாத வீடு எனக்குச் சுகமாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டால் இன்னும் திரும்பித்தான் பார்க்கிறேன், அது இருக்கும், அதற்கு மருந்து கிடையாது, வேண்டியதுமில்லை. ஆனால் அது வேறு, கை தப்புவது வேறு. எனக்காக என்று நீ ஒரு காரியத்தையும் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றால் அதை என்னால் தாங்க முடியாது. நீ மணிப் படம் கேட்டாயே, அதற்குப் பதிலாக இந்தத் தாளின் பின்பக்கம் ஒன்று போட்டிருக்கிறேன், திருப்பிப் பார். எட்டுக்குப் பதினைந்து, பேனாவை எடுக்காமல் போட்டது, ஒரு இடத்தில் கூட அடித்தல் திருத்தல் இல்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் விரலை வைத்து ஓட்டிப் பார். சீக்கிரம் வீடு திரும்பிவிட்ட கோட்டால் பாதிக் கோலம் வெறுமையாகக் கிடந்ததை நான் கண்ணால் பார்த்தவள். நீ எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டு வா கண்ணு, எடுத்த இடம் எங்கேயும் போய்விடாது. படித்து முடித்ததும் முதல் வேலையாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, போட்டேன் என்று ஒரு வார்த்தை அப்பாவுக்கு அனுப்பு, அவர் இன்னும் என் சாம்பாரை ருசி பார்த்துவிட்டுத்தான் எனக்கே பரிமாறுகிறார்.

நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்

உன் அம்மா
நா. மீனம்மாள்